முதலில் நெக்கைப் பாருங்கள்: பேஸ் கிடார் வாங்குவதும் பராமரிப்பதும்

பேஸ் கிடார் வாங்கக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். நாலு கம்பியா, அஞ்சு கம்பியா? எந்த பிராண்டு? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் வாங்கி ஆறு மாதம் கழித்து அந்தக் கருவி தினமும் கைக்கு வருகிறதா, பீரோவுக்கு மேலே உறைக்குள் கிடக்கிறதா என்பதை முடிவு செய்வது வேறு சில விஷயங்கள்: நெக்கின் அகலமும் பருமனும், தோளில் இறங்கும் எடை, ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம். விளம்பரங்களில் இவற்றுக்கு இடம் குறைவு. கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸை 1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ரேடியோ பழுது பார்ப்பதில் தொடங்கியவர். அவருக்கே கிடார் வாசிக்கத் தெரியாது. 1930-களிலேயே சியாட்டிலில் பால் டுட்மார்க் என்பவர் கிடார்போலப் பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்திருந்தார், ஆனால் அது பரவவில்லை. ஃபெண்டருடையது பரவியது. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன வாத்தியக்காரர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று கிடைத்தது. ஃப்ரெட் இருந்ததால் ஸ்வரம் பிசகாமல் விழுந்தது. ஆம்ப் வழியாக வந்ததால் டிரம்ஸ் சத்தத்தில் அமுங்கிப்போகவில்லை. தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டுக்கும் உடல் பக்கம் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடையே அதிரும் கம்பியின் நீளத்தை அவர் 34 அங்குலமாக வைத்தார், அதாவது சுமார் 86.4 சென்டிமீட்டர். இதைத்தான் ஸ்கேல் என்கிறார்கள். இன்று கடைகளில் தொங்கும் பேஸ்களில் பெரும்பாலானவை அதே 34 அங்குலம்தான்.

அந்த நீளம் இடது கைக்கு எவ்வளவு வேலை வைக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். சாதாரண எலெக்ட்ரிக் கிடாரில் அதே தூரம் 10 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கிடாரிலிருந்து பேஸுக்கு மாறுகிறவர் முதல் வாரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னால், காரணம் இந்த மூன்று சென்டிமீட்டர். சிறிய கை உள்ளவர்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் இருக்கிறது. அதில் அதே நான்கு ஃப்ரெட்டும் பதினொன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஷார்ட் ஸ்கேலைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் பால் மெக்கார்ட்னியை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் 500/1, வயலின் வடிவத்தில் அமைந்த ஷார்ட் ஸ்கேல் பேஸ். பீட்டில்ஸின் தொடக்க கால இசைத்தட்டுகளில் ஒலிப்பது அதுதான். 1972-ல் லண்டனில் திருடுபோன அந்தக் கருவி கண்டெடுக்கப்பட்டு அவரிடமே திரும்பிவிட்ட செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. கம்பியின் நீளம் குறைந்தால் இழுவிசை குறையும். ஒலி சற்று உருண்டையாகவும் மென்மையாகவும் வரும். தடித்த ‘ஈ’ கம்பியின் தெளிவு கொஞ்சம் மங்கும். இது குறையா, நிறையா என்பது வாசிக்கப்போகும் இசையைப் பொறுத்தது. இன்றைய சந்தையில் ஸ்குவயர் பிராங்கோ 30 அங்குலம், ஐபனெஸ் மைக்ரோ அதைவிடவும் குட்டை. இரண்டுமே முதல் பேஸாக வாங்கத் தகுந்தவை.

அடுத்தது அகலம். ஃபெண்டர் 1960-ல் ஜாஸ் பேஸைக் கொண்டுவந்தபோது நட் அருகே நெக்கின் அகலத்தை 38 மில்லிமீட்டராகக் குறைத்தார். பிரிசிஷனில் இது இன்று பொதுவாக 41 அல்லது 42. கம்பிகளுக்கு இடையே உள்ள நெருக்கமும், கட்டைவிரல் நெக்கின் பின்புறம் உட்காரும் இடமும் இதனால் மாறிவிடுகின்றன. பி-பேஸ், ஜே-பேஸ் என்று வாத்தியக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த இரண்டு மாதிரிகளின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் கடைகளை நிறைக்கின்றன. ஐபனெஸ் எஸ்.ஆர். வரிசையில் நெக் ஜாஸ் பேஸைவிடவும் மெலிது. எது நல்லது என்று வெளியார் யாரும் சொல்ல முடியாது. பத்து நிமிடம் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளுக்குள்ளேயே வாசித்துவிட்டு, கட்டைவிரலின் அடிச்சதை இறுகுகிறதா என்று கவனித்தால் கை தானே சொல்லிவிடும்.

எடையை உட்கார்ந்தபடி சோதிக்கக் கூடாது. ஒரு பேஸ் பொதுவாக மூன்றரை முதல் நாலரை கிலோ இருக்கும். மடியில் வைத்தால் ஒரு கிலோ வித்தியாசம் தெரியாது. கச்சேரி மேடையில் இரண்டு மணி நேரம் நின்றால் தோள்பட்டை கணக்குச் சொல்லும். கடையில் ஸ்ட்ராப் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட வேண்டும். தலைப்பகுதி தரையை நோக்கிச் சரிந்தால் அந்தக் கருவியை வாசிக்கும்போது இடது கை எப்போதும் அதைத் தாங்கிப்பிடித்தபடியே இருக்க நேரும், ஸ்வரம் பிடிக்க வேண்டிய கை சுமைதூக்கும் வேலை பார்க்கும். இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியாக, 1970-களின் இறுதியில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையே இல்லாத பேஸை வடிவமைத்து, டியூனிங் முடுக்கிகளைப் பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோனார். இப்போது தலையில்லாத பேஸ்கள் மீண்டும் பரவலாகிவிட்டன. ரயிலிலும் பஸ்ஸிலும் அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் சில மாடல்களுக்கு இரண்டு முனையிலும் குண்டு உள்ள தனிவகைக் கம்பி வேண்டும். அது உள்ளூரில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனையில் முதல் பாதியை ஆம்ப் இல்லாமலேயே செய்வது நல்லது. ஆம்பில் செருகியவுடன் சத்தம் மயக்கிவிடும். வெறும் கருவியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒன்றுவிடாமல், மெதுவாக வாசித்துப் போக வேண்டும். எங்காவது ‘ஜிர்ர்’ என்று உரசினால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மற்றவற்றைவிடத் தூக்கியிருக்கலாம் அல்லது நெக்கின் வளைவு சரியில்லாமல் இருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால் கடையிலேயே சரிசெய்யச் சொல்லலாம். எங்காவது ஸ்வரம் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் இறந்துபோகிறதா என்றும் கேட்க வேண்டும். மெல்லிய ‘ஜி’ கம்பியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட் வரையிலான பகுதியில் இது பல பேஸ்களில் உண்டு. வாத்தியக்காரர்கள் டெட் ஸ்பாட் என்பார்கள். நெக் மரத்தின் அதிர்வு கம்பியின் சக்தியை அங்கே உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. விலையுயர்ந்த கருவியிலும் இருக்கும். ஒரே மாடலில் இரண்டு பேஸ்கள் கடையில் இருந்தால், இந்த ஒரு சோதனையை வைத்தே எது வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம்.

பிறகு உள்ளங்கையை நெக்கின் விளிம்பில் வைத்து மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃப்ரெட் முனைகள் குத்துகின்றனவா? மலிவு விலை பேஸ்கள் பல ஈரக்காற்றுள்ள இந்தோனேசியாவில் செய்யப்படுகின்றன. கடையின் ஏ.சி. அறையில் பல மாதம் தொங்கும்போது மரம் உலர்ந்து சுருங்கும். உலோக ஃப்ரெட் சுருங்காது. முனை வெளியே நீட்டிக்கொள்ளும். நல்ல டெக்னீஷியன் அரத்தால் அரை நாளில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.

இந்தோனேசியா என்றதும் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலம் மாறிவிட்டது. கோர்ட் நிறுவனம் கொரியாவைச் சேர்ந்தது. அதன் இந்தோனேசியத் தொழிற்சாலை தன் பெயரில் மட்டுமல்லாமல் உலகின் பல பெரிய பிராண்டுகளுக்கும் கிடார் செய்து தருகிறது. யமஹாவுக்கும் அங்கே தொழிற்சாலை உண்டு. கணினி இயக்கும் எந்திரம் மரத்தை வெட்டுவதால் நெக்கும் உடலும் பொருந்தும் இடத்தில் பழைய மலிவுக் கருவிகளில் இருந்த இடைவெளி இன்று அபூர்வம். மிச்சம் பிடிப்பது மனிதக் கை செய்ய வேண்டிய வேலைகளில்தான்: ஃப்ரெட் மெருகு, நட் வெட்டு, கடைசிச் சீரமைப்பு. ஆகவே தொடக்க நிலை யமஹா டி.ஆர்.பி.எக்ஸ்., ஐபனெஸ் ஜி.எஸ்.ஆர்., ஸ்குவயர் போன்ற ஒன்றை வாங்கி, நல்ல கம்பி போட்டு, தேர்ந்த ஒருவரிடம் செட்டப் செய்துகொள்பவர், இரண்டு மடங்கு விலை கொடுத்து அப்படியே வாசிப்பவரைவிட வசதியாக வாசிப்பார்.

ஒலியைத் தரும் பிக்கப்பைப் பொறுத்தவரை மூன்று குடும்பங்கள் தெரிந்தால் போதும். பி-பேஸில் 1957 முதல் இருப்பது இரண்டு துண்டாகப் பிளந்த பிக்கப். இரைச்சல் இல்லை, நடுத்தர ஒலி தடித்து நிற்கும், இசைக்குழுவுக்குள் தானே இடம் பிடித்துக்கொள்ளும். ஜே-பேஸில் இரண்டு தனித்தனி பிக்கப். இரண்டையும் முழுவதுமாகத் திறந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஒன்றைக் குறைத்தால் ‘ம்ம்ம்’ என்ற மின்சார முணுமுணுப்பு வரும். அது கருவியின் கோளாறு இல்லை. மூன்றாவது, பிரிட்ஜ் பக்கம் பெரிய ஹம்பக்கர், அதாவது இரைச்சலைத் தவிர்க்கும் இரட்டைச் சுருள் பிக்கப், வைத்த மியூசிக் மேன் வகை.

மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976-ல் வந்தது. உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீ-ஆம்ப் வைத்து, பாஸையும் ட்ரெபிளையும் கருவியிலேயே ஏற்றவும் இறக்கவும் வழி செய்தார்கள். இப்படி பேட்டரி உள்ள பேஸை ஆக்டிவ் என்றும், இல்லாததைப் பாஸிவ் என்றும் சொல்வது வழக்கம். நீளமான கேபிளில் ஒலியின் கூர்மை தேயாமல் இருப்பதும், மேடையில் ஒலி மாற்றங்களை உடனே செய்ய முடிவதும் ஆக்டிவின் வசதிகள். ஆனால் கேபிளை ஜாக்கில் செருகியவுடனேயே பெரும்பாலான கருவிகளில் சர்க்கியூட் ஓடத் தொடங்கிவிடும். வாசித்து முடித்துவிட்டுக் கேபிளை அப்படியே விட்டுவைப்பவரின் பேட்டரி கச்சேரி நடுவில் தீரும். ஒலி முதலில் கரகரக்கும், பிறகு மெலியும். அந்த நேரத்தில் பாஸிவுக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் மானம் தப்பும். ஆக்டிவ் பேஸ் வாங்குகிறவர் அந்தச் சுவிட்ச் உள்ளதைத் தேர்வது நல்லது. இல்லாவிட்டால் உறையின் பையில் எப்போதும் புதிய பேட்டரி ஒன்று இருக்க வேண்டும்.

முதல் பேஸுக்கு ஆக்டிவ் அவசியமா? இல்லை. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்துப் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் உலகம் முழுக்கப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அவர் பெரிதும் பயன்படுத்தியது 1962 பிரிசிஷன் ஒன்று: ஒரே பிக்கப், இரண்டே குமிழ். தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பி, அறுந்தாலொழிய மாற்றமாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். பொத்தான்கள் கூடினால் ஒலி வளம் கூடும் என்று நம்பிப் பட்ஜெட்டை நீட்டுபவர்கள் அவர் வாசித்ததை ஒருமுறை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

இனி நாலா, அஞ்சா என்ற கேள்வி. நான்கு கம்பி பேஸின் மிகக் கீழான ஸ்வரம் ‘ஈ’, நொடிக்கு 41 அதிர்வு. ஐந்தாவது கம்பி அதற்கும் கீழே ‘பி’ வரை, ஏறக்குறைய 31 அதிர்வு வரை போகும். தமிழ்நாட்டில் பேஸ் வாசிப்பவர்களுக்கு இதில் ஒரு நேரடிக் கணக்கு உண்டு. மெல்லிசைக் குழுவிலும் சர்ச் ஆராதனைக் குழுவிலும் பாடகரின் குரலுக்கு ஏற்றபடி சுருதியை இறக்குவது சகஜம். ஈ ஃப்ளாட், டி, சி என்று இறங்கினால், நான்கு கம்பி பேஸில் ஆதார ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போய்த்தான் கிடைக்கும், அடித்தளம் லேசாகிவிடும். அஞ்சு கம்பியில் அதே விரல் அமைப்போடு கீழே இறங்கிவிடலாம். வாரம் தவறாமல் குழுவில் வாசிப்பவர், வருகிற சுருதியில் வாசித்தே தீர வேண்டியவர், அஞ்சு கம்பி வாங்குவதே புத்திசாலித்தனம். வீட்டில் கற்கத் தொடங்குபவருக்கும், இளையராஜா பாடல்களில் தனி மெட்டாகவே நடந்துபோகும் பேஸ் வரிகளைக் கேட்டு ஆசைப்பட்டு வருபவருக்கும் நாலு கம்பி தாராளமாகப் போதும்.

ஆனால் மலிவு விலை அஞ்சு கம்பி பேஸில் பலவீனம் தெரிவதும் அந்த ‘பி’ கம்பியில்தான். 34 அங்குல நீளத்தில் அவ்வளவு தடித்த கம்பி தளர்ந்து நிற்கும். ஸ்வரம் கொழகொழவென்று வரும். ‘பி’ கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் கிடைக்கும் ‘ஈ’யையும், பக்கத்தில் திறந்த ‘ஈ’ கம்பியையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கருவிபோல ஒலித்தால் அது வேண்டாம். இதைச் சரிசெய்யச் சிலர் ஸ்கேலை 35 அங்குலமாக்கினார்கள். கனடாவின் டிங்வால் நிறுவனம் ஃப்ரெட்டுகளை விசிறிபோல விரித்து, ‘பி’ கம்பிக்கு 37 அங்குலமும் ‘ஜி’ கம்பிக்கு 34 அங்குலமும் தருகிறது. பார்க்கப் பயமுறுத்தும் அமைப்பு. கை சீக்கிரம் பழகிவிடும். இப்போது ஐபனெஸ் போன்ற நிறுவனங்களும் குறைந்த விலையில் இந்த விசிறி ஃப்ரெட் பேஸ்களைக் கொண்டுவந்துவிட்டன.

யூடியூபில் மொபைல் ஸ்பீக்கர் வழியாகக் கேட்டு இரண்டு பேஸ்களை ஒப்பிடுவது வீண் வேலை. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 அதிர்வை எழுப்பவே முடியாது. காதில் விழுவது மேல் இணையொலிகள் மட்டும்; அடி ஸ்வரத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

கம்பிகளில் இரண்டு பெரிய வகை. சுற்றுக்கம்பி உருண்டையாக இருப்பது ரவுண்ட்வவுண்ட். பளிச்சென்று, உலோகத்தன்மையோடு ஒலிக்கும். 1960-களில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விஸிலோடு சேர்ந்து மெருகேற்றிய பிறகு ராக் இசையின் பேஸ் ஒலியே மாறிப்போனது. சுற்றுக்கம்பி பட்டையாக இருப்பது ஃப்ளாட்வவுண்ட். விரலுக்கு வழவழப்பு, ஒலி மங்கல், ஆயுள் அதிகம். பழைய திரைப்பாடல்களின் பொத்தென்ற பேஸ் ஒலி வேண்டுபவருக்கு ஃப்ளாட்வவுண்டே வழி. தடிமன் பொதுவாக 45 முதல் 105 வரை, ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில். ஐந்தாவது கம்பி 125 அல்லது 130. சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் மந்தமாக்கிவிடும். மேலே மெல்லிய பூச்சு கொடுத்த கம்பி விலை கூடுதல். ஆனால் இந்த ஊர்களில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைப்பது அதைவிடவும் பெரிய சேமிப்பு.

கம்பி மாற்றும்போது ஒரே இடத்தில் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்: அளவு பார்த்து நேராக வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் வெளிச்சுற்று உள்கம்பியின் மேல் தளர்ந்து, கம்பி உயிரில்லாமல் ஒலிக்கும். முடுக்கியைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, அந்த இடத்தில் முதலில் கம்பியைச் செங்கோணமாக மடக்க வேண்டும். மடிப்புக்கு அப்பால் வெட்டி, முனையை முடுக்கித் தூணின் நடுத்துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வருமாறு முறுக்க வேண்டும். நான்கு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் நெக் திடுக்கிடாது. ஒரு செட் கம்பி சுருதி கூட்டிய நிலையில் நெக்கை இழுக்கும் விசை ஏறக்குறைய 75 கிலோ எடைக்குச் சமம்.

அந்த இழுப்புக்கு எதிராக நெக்கின் உள்ளே நிற்பது டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி. நெக் தட்டையாக இருக்கக் கூடாது. மிக லேசாக முன்னால் குழிந்திருக்க வேண்டும். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், உடலோடு நெக் சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே பார்த்தால் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, சுமார் 0.3 மில்லிமீட்டர், தெரிய வேண்டும். அதிகமாக இருந்தால் ராடை வலப்பக்கமாகவும், கம்பி ஃப்ரெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இடப்பக்கமாகவும் திருப்ப வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருப்பிவிட்டு, சுருதி கூட்டி, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். கருவியோடு வந்த அதே அளவு ஹெக்ஸ் சாவியைத்தான் பயன்படுத்த வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவி தலையைத் தேய்த்துவிட்டால் பிறகு எந்த டெக்னீஷியனாலும் எளிதில் மீட்க முடியாது.

அதன் பிறகே ஆக்‌ஷன், அதாவது கம்பியின் உயரம். பதினேழாவது ஃப்ரெட்டில் ‘ஈ’ கம்பிக்கு 2.4, ‘ஜி’ கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டர் நிறுவனம் சொல்லும் பொதுவான அளவு. மெதுவாக மீட்டுபவர் இன்னும் இறக்கலாம். அடித்து வாசிப்பவர் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். கடைசியாக இன்டொனேஷன்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் டியூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் ஸாடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். ராட், உயரம், இன்டொனேஷன் என்ற இந்த வரிசையை மாற்றிச் செய்தால் வேலை திரும்பத் திரும்ப வரும்.

நம் ஊரில் இந்தச் சீரமைப்பு ஒருமுறை செய்து முடிந்துவிடும் காரியமில்லை. கிடார் நிறுவனங்கள் பரிந்துரைக்கும் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னையில் எழுபதைத் தாண்டுவது அன்றாடம். பகலில் புழுக்கம், இரவில் ஏ.சி., ஐப்பசியில் அடைமழை என்று மாறும்போது மரம் ஊறியும் உலர்ந்தும் நெக்கின் வளைவை மாற்றும். எந்தப் பக்கம் வளையும் என்பது அந்தந்த மரத்தின் குணம். வருடத்தில் இரண்டு முறை, கோடை தொடங்கும்போதும் மழைக்காலம் தொடங்கும்போதும், பார்த்துவிடுவது நல்ல பழக்கம். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேஸை ஒருபோதும் விடக் கூடாது. அந்த வெப்பத்தில் பசை இளகும்.

ஃப்ரெட்போர்டு மரத்தில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. உலகெங்கும் கிடார்களில் இந்திய ரோஸ்வுட் என்று பெயர் பெற்றது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான். 2017 ஜனவரியில் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது நிறுவனங்கள் மாற்று மரங்களைத் தேடின. ஸ்குவயர் பேஸ்களில் வரும் இந்தியன் லாரல், நம் கருமருது. 2019-ல் முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டது. ஈட்டியா, கருமருதா என்று பார்த்து ஒரு பேஸை ஒதுக்க வேண்டியதில்லை. பூச்சு இல்லாத இந்த மரங்களுக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை சில சொட்டு எண்ணெய் தடவித் துடைக்கலாம். பளபளப்புப் பூச்சு கொடுத்த மேப்பிளுக்கு எண்ணெய் கூடாது. வறுத்த மேப்பிள் நெக் என்று விற்பது, சூளையில் சூடேற்றி ஈரம் நீக்கிய மரம். நம் தட்பவெப்பத்துக்கு அது நிஜமாகவே உதவும்.

பட்ஜெட் முழுவதையும் கருவியிலேயே போட்டுவிட்டு ஆம்புக்குப் பணமில்லாமல் நிற்பவர்கள் பலர். மூன்றில் ஒரு பங்கை ஆம்ப், கேபிள், டியூனர், செட்டப் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவைப்பது நியாயமான கணக்கு. வீட்டுக்கு 20, 25 வாட் பேஸ் ஆம்போ ஹெட்ஃபோன் ஆம்போ போதும். சாதாரண கிடார் ஆம்பில் பேஸைச் செருகிச் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் கிழியலாம். டிரம்ஸோடு வாசிக்க 200, 300 வாட் தேவைப்படும். ஆம்பெக் எஸ்.வி.டி. 1969-ல் வந்தபோது அந்த 300 வாட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. இன்றைய கிளாஸ்-டி ஆம்ப் மூன்று கிலோவுக்குள் அதே திறனைத் தருகிறது. பல மேடைகளில், பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரே மிக்ஸருக்குப் போய்விடலாம்.

மின்சாரம் விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. பேஸின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. ஆம்போ மைக் இணைந்த கருவியோ எர்த் இல்லாமல், அதில் கோளாறும் இருந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவரின் உடல் வழியாக 230 வோல்ட் பாயும். 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சீயில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். திருவிழா மேடைகளிலும் மண்டபங்களிலும் மூன்றாவது முள்ளை ஒடித்த பிளக்கும், இரண்டு ஓட்டை எக்ஸ்டென்ஷனும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சாக்கெட் சோதிக்கும் சின்ன டெஸ்டர் ஒன்று உறையின் பையில் இருக்கட்டும். எர்த் இல்லையென்றால் வாசிக்க மறுப்பது வாத்தியக்காரரின் உரிமை.

பழைய பேஸ் வாங்குவது தவறே இல்லை. முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே செட்டப்புக்குச் செலவழித்திருந்தால் லாபமும்கூட. குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பை கான்டாக்ட் கிளீனர் தெளித்தே போக்கலாம். ஜாக் தளர்ந்திருந்தால் மலிவான வேலை. ஃப்ரெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் செலவு கூடும், விலை பேசலாம். பிரிட்ஜ் பக்கமிருந்து நெக்கின் இரு விளிம்புகளையும் ஒரு கண்ணால் நோக்கினால் அவை ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. கடைசியாக, விற்பவர் முன்னிலையிலேயே டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். அது அசையாவிட்டால், அல்லது எவ்வளவு திருப்பியும் நெக் அசையாவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் பேஸை வாங்க வேண்டாம்.